ஏழு, பதினாலு, இருபத்தியொண்ணு...

எழுதி ரொம்ப நாளாச்சு. நடுவில் ரெண்டு மூணு தடவை ஆரம்பித்து நாலு வரியோடு நிறுத்திவிட்டேன். விஷயம் ஒரு டாக்குமெண்டரியைப் பற்றித்தான். ஆனால் அதை மட்டும் தனியாக எழுத வரவில்லை, வீட்டு விஷயமும் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. சரி, வந்தால் வரட்டும்.

டாக்குமெண்டரி என்றாலே நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் சமாச்சாரம்தான். வெள்ள நிவாரணம், அணைக்கட்டு, மந்திரி ரிப்பன் வெட்டுவது. வெளியே போய் முறுக்கு வாங்கிக்கொண்டு வர்ற நேரம் அது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2008 வரைக்கும்.

அப்போ பெங்களூரில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருத்தன் டவுன்லோடு பைத்தியம். ராத்திரி முழுக்க எதையாவது இறக்கிக்கொண்டே இருப்பான், ஒன்றையும் பார்க்க மாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை "செவன்னு ஒரு படம்டா, செம த்ரில்லராம்"னு ஒரு ஃபைலைத் திறந்தான். பிராட் பிட் வருவார்னு எல்லாரும் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். வந்தது கறுப்பு வெள்ளையில் ஒரு கூட்டம் ஸ்கூல் பிள்ளைகள் :-) 'செவன் அப்'பை இறக்கி வைத்திருக்கிறான் மடையன். மற்ற மூணு பேரும் கடுப்பாகி டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் சோம்பேறித்தனத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964-ல் இங்கிலாந்தில் கிரனாடா டெலிவிஷன்காரர்கள் ஏழு வயசுப் பிள்ளைகள் 14 பேரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தார்கள். பத்துப் பையன்கள், நாலு பெண்பிள்ளைகள். பணக்கார வீட்டுப் பிள்ளை, லண்டன் கிழக்குப் பக்கத்து உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, அநாதை விடுதிப் பிள்ளை, யார்க்ஷயர் மலைப்பக்கத்து விவசாயி பிள்ளை என்று கலந்துகட்டி. ஏழு வயசுப் பிள்ளையைக் காட்டு, அவன் என்ன ஆவான்னு சொல்லிடறேன் என்கிற மாதிரி ஒரு பழைய பாதிரிமார் வாக்கு உண்டு, அதுதான் படத்துக்கு அடிப்படை. பிறந்த வீடும் போகிற பள்ளிக்கூடமும் ஒருத்தன் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடுகிறது, பாருங்கள் என்று காட்டுவதுதான் நோக்கம். முதல் படத்தை இயக்கியவர் பால் ஆல்மண்ட். பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற வேலையில் இருந்தவர் மைக்கேல் ஆப்டட் என்ற இளைஞர். அதோடு முடிந்துபோக வேண்டிய நிகழ்ச்சி. ஆனால் 1970-ல், அவர்களுக்குப் பதினாலு ஆனபோது ஆப்டட் திரும்பப் போனார். அப்புறம் 21-ல், 28-ல், 35-ல்... 2019-ல் '63 அப்' வரைக்கும் போய்க்கொண்டே இருந்தார். (இடையில் 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்'னு ஒரு ஜேம்ஸ்பாண்ட் படம் வேற எடுத்தார். அதே மனுஷன்தான்! 2021 ஜனவரியில் காலமாகிவிட்டார்.)

ஏழு வயசில் ஒரு பையன் நான் பைனான்சியல் டைம்ஸ் படிக்கிறேன் என்கிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தாங்கள் போகப்போகிற பள்ளிக்கூடம், காலேஜ் பெயரெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படியே போய்ச் சேருகிறார்கள். இதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் வயிறு எரிந்தது. ஆஹா, படம் சொல்ல வந்ததை நிரூபித்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அதில் ஜான் என்கிறவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. ஒன்பது வயசிலேயே அப்பா செத்துப்போனார், அம்மா வேலைக்குப் போய்த்தான் படிக்க வைத்தார், ஆக்ஸ்போர்டில் ஸ்காலர்ஷிப்பில்தான் படித்தேன், இது எதுவும் உங்க படத்தில் வரவில்லையே என்று. நியாயமான கோபம்தானே? ஏழு வயசில் பணக்காரப் பையன் என்று ஒரு சட்டத்துக்குள் மாட்டியாச்சு, அப்புறம் அந்தச் சட்டத்துக்குள் அடங்காதது எதுவும் கண்ணில் படாது.

இதைவிடப் பெரிய கூத்து டோனி கதை. டோனி கிழக்கு லண்டன் பையன். ஏழு வயசில் துறுதுறுவென்று ஓடிக்கொண்டே இருப்பான், சண்டை போடுவான், குதிரை ரேஸில் ஓட்டணும் என்பான். பதினாலில் நிஜமாகவே ஒரு லாயத்தில் வேலை கற்றுக்கொண்டிருக்கிறான். ரேஸும் ஓட்டினான், ஜெயிக்கவில்லை. 21 வயசில் டாக்ஸி லைசென்ஸுக்காக லண்டன் தெருக்களையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு அலைகிறான். அப்போது ஆப்டட் என்ன செய்தார் தெரியுமா? இவன் எப்படியும் சீக்கிரம் ஜெயிலுக்குப் போய்விடுவான், அடுத்த படத்துக்கு உபயோகப்படும் என்று கணக்குப் போட்டு, ரவுடித்தனத்துக்குப் பெயர்போன கிழக்கு லண்டன் இடங்களுக்கெல்லாம் அவனைக் கூட்டிப்போய்ப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். 28-ல் போய்ப் பார்த்தால் டோனி சொந்த டாக்ஸி ஓட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஜாம்ஜாமென்று இருக்கிறான். எடுத்து வைத்ததெல்லாம் வீண். இதை ஆப்டட்டே பின்னாளில் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார். ஆரூடம் சொல்கிற புத்தியை அதோடு விட்டேன் என்று.

டோனியே ஒரு தடவை சொன்ன கதை: நிலாவில் நடந்த பஸ் ஆல்ட்ரின் ஒருநாள் இவர் டாக்ஸியில் வருகிறார். வழியில் ஒருத்தன் ஆட்டோகிராப் கேட்கிறான். டோனி ஆல்ட்ரினிடம் திரும்பி சார் உங்களைத்தான் என்றால், அவன் "அவர் இல்ல, உங்க கையெழுத்து வேணும்" என்றானாம் :-)

நீல் கதை இப்படிச் சிரிக்கிற கதை இல்லை. லிவர்பூல் பக்கத்துப் பையன். ஏழு வயசில் அத்தனை அழகு. விண்வெளி வீரனாகணும், இல்லையென்றால் சுற்றுலா பஸ் ஓட்டி ஜனங்களுக்கு இடத்தையெல்லாம் சுட்டிக் காட்டணும் என்பான். 21-ல் படிப்பை விட்டுவிட்டு லண்டனில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் ஒண்டிக்கொண்டு கட்டட வேலைக்குப் போகிறான். 28-ல் வீடு வாசல் இல்லாமல் ஸ்காட்லாந்து மலைப்பக்கம் அலைகிறான். பேசும்போது உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு நான் பெங்களூர் வீட்டு மொட்டை மாடியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எடுக்கிறவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவனை வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போகக் கூடாதா, சும்மா கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று அவ்வளவு ஆத்திரம். கடைசியில் அவருக்கு வீட்டில் தங்க இடம் கொடுத்தது படத்தில் இருக்கிற இன்னொருத்தர், புரூஸ். ஏழு வயசில் மிஷனரியாகப் போகணும் என்று சொல்லி, பெரியவரானதும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். 42-ல் பார்த்தால் நீல் லண்டனில் ஒரு கவுன்சிலர்! எந்த ஜோசியக்காரன் சொல்லியிருப்பான் இதை?

சரி, இப்போ வீட்டு விஷயம்.

என் மகள் பிறந்தது 2010 பிப்ரவரியில். ஆஸ்பத்திரியிலேயே முடிவு பண்ணிவிட்டேன், ஏழு வயசில் இவளை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கணும், அப்புறம் ஏழு வருஷத்துக்கு ஒருதடவை. வீட்டம்மாவிடம் சொன்னதற்கு "மொதல்ல நாப்கின் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

2017-ல் செய்தேன். பிறந்தநாளுக்குப் போட்ட பாவாடை சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்து எடுத்தேன். ஆறு நிமிஷம். பெரியவளாகி என்ன ஆகப்போறே? "கண்டக்டர்." ஏன்? "விசில் இருக்கும்ல." நானும் ஆப்டட் மாதிரி முகம் காட்டாமல் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே போகிறேன். போன வாரம் ஸ்கூல் ஆண்டுவிழா நடந்ததே, அதைப் பற்றிச் சொல்லு என்றேன்.

"நான் மரம்ப்பா."

மத்தவங்க எல்லாம்?

"அவங்க பட்டாம்பூச்சி. நான் கருப்புல்ல, கருப்பா இருந்தா பட்டாம்பூச்சி ஆக முடியாது. மிஸ் சொன்னாங்க. மரம்னா பின்னாடி நிக்கலாம், ஆடவே வேணாம், ஈஸி."

கையை மரக்கிளை மாதிரி விரித்துக் காட்டினாள். நான் சிரித்துவிட்டேன். பெரிய சிரிப்பு, வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அவள் சொன்ன தோரணை அப்படி. அவளும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்கே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். திருநெல்வேலியிலிருந்து எங்க அம்மா, மைத்துனிகள், சித்தப்பா பசங்க எல்லாரிடமிருந்தும் கண்ணில் தண்ணீர் வர்ற பொம்மைகள் வரிசையாக வந்தன. வீட்டம்மா மட்டும் வீடியோவை ரெண்டாவது தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "ஏங்க, ஸ்கூல்ல போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்" என்றாள். "விடும்மா, சின்னப் புள்ள ஏதோ சொல்லுது"ன்னு நான் ஆபீஸ் கிளம்பிவிட்டேன். போகவே இல்லை. அந்த மே மாச லீவில் ஊருக்குப் போனபோது பெரியம்மா பசங்க அவளை 'ஏ மரம்'னு கூப்பிட்டார்கள். அடுத்த வருஷமும். அவளும் கூடவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

2020 லாக்டவுனில் 56-ஐயும் 63-ஐயும் பார்த்தேன். அதற்குள் நான் பார்க்கிற விதம் மாறியிருந்தது. முதல் தடவை பார்த்தபோது பிள்ளைகளைப் பார்த்தேன். இந்தத் தடவை கேமராவுக்குப் பின்னாலிருந்து வரும் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரலை வெளுத்து வாங்கிய ஆள் ஒருத்தி உண்டு, ஜாக்கி. டோனி மாதிரியே கிழக்கு லண்டன் பெண். 49-ல் நேருக்கு நேராகவே சொல்கிறார், நீங்கதான் வெட்டி ஒட்டறீங்க, எங்களை எப்படிக் காட்டணும்னு நீங்கதான் முடிவு பண்றீங்க, அது எங்க கையில இல்லைன்னு. 21 வயசில், கல்யாணத்துக்கு முன்னால் போதுமான அளவு ஆண்களோடு பழகிவிட்டாயா என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார் ஆப்டட். அது என்னை அவமானப்படுத்திய கேள்வி என்று பல வருஷம் கழித்து அவரிடமே சொல்கிறார். ஆண்களிடம் கேட்ட கேள்வி ஒன்று, எங்களிடம் கேட்டது வேறொன்று என்றும். நாலே நாலு பெண்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது தப்பு என்று ஆப்டட்டும் ஒத்துக்கொண்டவர்தான்.

இதில் நான் அவரை மெச்சுவது ஒன்றே ஒன்றுக்காகத்தான். அந்தத் திட்டையெல்லாம் வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். கையில் கத்திரி இருந்தும்.

அப்புறம் நிக். யார்க்ஷயர் விவசாயி பையன். ஏழு வயசில் கேர்ள் பிரண்ட் பற்றிக் கேட்டதற்கு, அந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லுறதில்லை என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்வான். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 28-ல் அவரும் மனைவியும் சேர்ந்து பேட்டி கொடுத்தார்கள். பார்த்த ஜனங்கள் இந்தக் கல்யாணம் தேறாது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தம்மா அடுத்த படத்துக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டார். பிற்பாடு விவாகரத்தும் ஆனது. ஊர் வாய் பட்டதால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படுக்கையறை வரைக்கும் ஒரு தேசமே எட்டிப் பார்த்துத் தீர்ப்பு சொன்னால் எந்த வீடு தாங்கும்? 63-ல் நிக் தொண்டைப் புற்றுநோயோடு உட்கார்ந்து பேசுகிறார். 2023-ல் இறந்துபோனார். செய்தி படித்தபோது யாரோ தெரிந்த மனுஷர் போன மாதிரி இருந்தது. ஏழு வயசிலிருந்து பார்த்த முகம் இல்லையா.

2024 பிப்ரவரி வந்தது. மகளுக்குப் பதினாலு. பொதுவாக அந்தப் படத்திலேயே பதினாலு வயசுதான் மோசமான வயசு. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுப்பார்கள். சூசி என்கிற பணக்காரப் பெண் புல்தரையில் உட்கார்ந்து பட்டும் படாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் அவள் நாய் ஒரு முயலைத் துரத்திப் பிடித்துவிடும். எனக்குப் பிடித்த காட்சி. அதனால் கொஞ்சம் முரண்டு பிடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் பேச்சை எடுத்தேன்.

"வேணாம்ப்பா."

அஞ்சே நிமிஷம்டா. யாருக்கும் அனுப்ப மாட்டேன்.

"அதுக்கில்ல. அந்த வீடியோல நீங்க சிரிச்சீங்க."

எந்த வீடியோ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அசிங்கமாயிருக்கும். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது மட்டும் கேட்டது.

அந்த வாரம் பூரா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நான் சும்மா '21 அப்'பைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். டோனி வர்ற இடத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இவனை ஏன் அந்தத் தெருவுக்கெல்லாம் கூட்டிட்டுப் போறாங்க என்று கேட்டாள். சொன்னேன். அப்புறம் 28-ஐயும் போடச் சொன்னாள். டோனி டாக்ஸி ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "அந்த டைரக்டர் ஸாரி சொன்னாராப்பா?" என்றாள். தப்பா நெனச்சுட்டேன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி சொன்னாரும்மா என்றேன்.

"ம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி உடைந்து ரெண்டு வருஷமாச்சு, இது சாப்பாட்டு மேஜை நாற்காலி. ரெண்டு கண்டிஷன். அவள் போனில்தான் எடுக்கணும். முதலில் நான் உட்காரணும்.

உட்கார்ந்தேன். சட்டையை மாற்றிக்கொள்ளட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது. போன் சின்னதுதான், ஆனால் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. அவள் முகம் இருட்டில் இருக்கிறது, குரல் மட்டும் வருகிறது.

"ஏன் சிரிச்சீங்க?"

நீ சொன்ன விதம் அழகா இருந்துச்சு என்று ஆரம்பித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இருக்கே, ஆப்டட்டுக்குக்கூட அவ்வளவு நல்லா வராது. கொஞ்ச நேரம் கழித்து வேறு விஷயம் சொன்னேன். வீட்டம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அண்டங்காக்கான்னு பேர். வாத்தியாரே அப்படித்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பார். கிளாஸே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். நாமளே முதல்ல சிரிச்சுட்டா வலிக்காதுன்னு கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்தப் பழக்கம்தான் அன்னிக்கும் முந்திக்கிச்சுன்னு நெனைக்கிறேன் என்றேன். ஸ்கூலுக்குப் போய்க் கேட்காததற்கு என்ன காரணம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. பயம்தான். ஃபீஸ் கட்டுகிற இடத்தில் போய்ச் சண்டை போட பயம். அதையும் சொன்னேன். ஸாரியும் சொன்னேன், அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை.

அப்புறம் என்னை எழுப்பிவிட்டு அவள் உட்கார்ந்தாள். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கச் சொன்னாள். கதவுக்கு வெளியே நின்றால் ஃபேன் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. நடுவில் ஒருதடவை ரெண்டு பேரும் சிரித்தது மட்டும் கேட்டது. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆச்சு.

குடும்ப குரூப்பில் பழைய வீடியோவை அழிக்க முடியவில்லை, எத்தனை பேர் போனில் இருக்கோ. அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன், இனிமே பிள்ளைங்க அவளை மரம்னு கூப்பிட வேண்டாம்னு. "ஏம்ல, அது செல்லமாத்தானல சொல்லுதுக?" என்றாள். வேண்டாம்மா என்றேன். சரி என்றாள்.

2024 வீடியோவை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். ஒரு பென் டிரைவில் போட்டு ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள் மகள், காம்பஸுக்குக் கீழே. அடுத்தது 2031. அப்போ உங்களைத்தான் முதல்ல எடுப்பேன்னு சொல்லியிருக்கா.